கம்ப்யூட்டர் பாட்டுக் கட்டுமா?

(மூன்றாமாண்டு எலக்ட்ரானிக்ஸ் மாணவன், அந்தியூர்)



ஆண்டு மலருக்கு என்ன எழுதலாம் என்று கேட்டதற்கு, "ஏ.ஐ. பத்தி எழுதுப்பா, இப்ப அதுதான் ஓடுது" என்றார்கள். ஏ.ஐ. என்றால் கடல். நான் அதில் ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் மொண்டு வருகிறேன். விதிகளைக் கொடுத்தால் ஒரு இயந்திரம் தானாக மெட்டுப் போடுமா? இதைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்கள் என்ன செய்து பார்த்தார்கள்?

முதலிலேயே ஒன்றைப் பிரித்து வைத்துவிடுவோம். 2024-இல் 'லால் சலாம்' படப் பாட்டுக்கு, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஐ. மூலம் ஏ.ஆர். ரஹ்மான் கொண்டு வந்தார், ஞாபகம் இருக்கிறதா? அங்கே இயந்திரம் கொடுத்தது குரல். மெட்டு ரஹ்மானுடையது. நாம் பேசப்போவது மெட்டையே இயந்திரத்திடம் விடுகிற சமாச்சாரம்.

இந்த ஆசை கம்ப்யூட்டரோடு பிறந்ததில்லை என்பதுதான் எனக்கு முதல் ஆச்சரியம். 13-ஆம் நூற்றாண்டில், இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள தேவகிரியில், யாதவ மன்னன் சிங்கணனின் அரண்மனையில் கணக்கு வழக்குப் பார்த்தவர் சார்ங்கதேவர். அவர் எழுதிய இசை நூல் 'சங்கீத ரத்னாகரம்'. ச ரி க ம ப த நி ஏழையும் இடம் மாற்றி மாற்றி அடுக்கினால் எத்தனை வரிசை வரும்? நாம் ஃபேக்டோரியல் என்று படித்ததுதான். 7×6×5×4×3×2×1 = 5040. வரிசைக்குப் பத்து விநாடி என்று பாடினாலும் பதினாலு மணி நேரம் ஆகும்!

கணக்கர் இல்லையா, எண்ணிக்கையோடு விடவில்லை. 'இத்தனையாவது வரிசை எது?' என்று கேட்டால், மற்றதையெல்லாம் எழுதாமலே நேராக அதைச் சொல்ல ஒரு வழி கொடுத்தார். அதற்கு நஷ்டம் என்று பெயர் (நமக்கு அரியர் விழுவது வேறு நஷ்டம்). வரிசையைக் கொடுத்தால் அதன் எண்ணைச் சொல்வது உத்திஷ்டம்.

ச ரி க ம என்ற நான்கை மட்டும் வைத்துப் பார்ப்போம். மொத்தம் 24 வரிசை. அவர் அடுக்குகிற முறையில் முதல் ஆறும் 'ம'வில் முடியும், அடுத்த ஆறு 'க'வில், அதற்கடுத்த ஆறு 'ரி'யில், கடைசி ஆறு 'ச'வில். 15-ஆவது வேண்டுமா? 13 முதல் 18 வரை 'ரி'யில் முடிபவை. ஆகக் கடைசி எழுத்து ரி. 12-ஐக் கழித்தால் மிச்சம் 3. கையில் இருப்பது ச, க, ம. இப்போது இரண்டிரண்டாக வரும்: முதல் இரண்டு 'ம'வில், அடுத்த இரண்டு 'க'வில். மூன்றாவது 'க'வில் விழுகிறது. மிச்சம் 1. ச, ம இரண்டும் இயல்பான வரிசையிலேயே நிற்கும். விடை: ச ம க ரி. திருப்பிப் பார்க்க 12+2+0+1 = 15. சரியாக வருகிறது பாருங்கள்! நம்ம லேபில் இதை 'சி'யில் எழுதினேன், இருபது வரிகூட வரவில்லை. அல்காரிதம் என்று நாம் சொல்கிற சங்கதியை அவர் சுலோகத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்தது நம்ம தஞ்சாவூர். 17-ஆம் நூற்றாண்டில் நாயக்கர் ஆட்சியில் வேங்கடமகி 'சதுர்தண்டிப் பிரகாசிகை' எழுதினார். ரி-க சேர்க்கை ஆறு, த-நி சேர்க்கை ஆறு, மத்தியமம் இரண்டு. 6×6×2 = 72 மேளம். எண்ணைச் சொன்னால் ஸ்வரங்களைச் சொல்லிவிடலாம். 29-ஆவது மேளத்தில் ஒன்றைக் கழித்தால் 28. அதை ஆறால் வகுத்தால் ஈவு 4, மீதி 4. பூஜ்யத்திலிருந்து எண்ணி, ரி-க பட்டியலில் 4-ஆம் இடம், த-நி பட்டியலில் 4-ஆம் இடம். அதுதான் சங்கராபரணம். 36-ஐக் கூட்டினால் 65, மத்தியமம் மட்டும் மாறும், கல்யாணி. மைக்ரோ கன்ட்ரோலரில்கூட ஓடும்.

ஆனால் ஒரு விஷயம். 72 என்று கணக்குப் போட்ட வேங்கடமகி, தம் காலத்தில் வழக்கில் இருந்தவை 19 மேளம்தான் என்கிறார். மீதி 53-உம் காலி அறைகள்! சாவி இருந்தது, குடியிருக்க ஆள் இல்லை. பிற்காலத்தில் வாக்கேயக்காரர்கள் ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கேற்றினார்கள். 72-இல் 40 மேளங்கள் விவாதி மேளங்கள், காதுக்கு உறுத்தும் என்று பலர் ஒதுக்கியவை. கோடீசுவர ஐயர் அவற்றையும் விடாமல் 72-க்கும் முருகன் மேல் தமிழில் கிருதி செய்து 'கந்த கானாமுதம்' தந்தார். பட்டியல் போட ஒரு மதியம் போதும். அதில் பாட்டு உண்டாக்க இருநூறு முந்நூறு வருஷம் பிடித்திருக்கிறது.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லர், லெனார்ட் ஐசக்ஸன் என்று இருவர். 1956-57-இல் இல்லியாக் என்ற வால்வு கம்ப்யூட்டரை வைத்து நான்கு தந்தி வாத்தியங்களுக்கு 'இல்லியாக் சூட்' என்ற உருப்படியை உண்டாக்கினார்கள். செய்முறையை 1959-இல் 'எக்ஸ்பெரிமென்டல் மியூசிக்' என்ற புத்தகமாகவே போட்டுவிட்டார்கள். முறை எளிது. இயந்திரம் குருட்டாம்போக்கில் ஒரு ஸ்வரம் எடுக்கும். விதிக்கு ஒத்து வந்தால் வைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் தள்ளிவிட்டு வேறு எடுக்கும். சல்லடை மாதிரி.

இந்தச் சல்லடையை எங்கள் தெருவில் தவில் வாசிக்கும் அண்ணனிடம் சோதித்துப் பார்த்தேன். ஆதி தாளம் ஒரு ஆவர்த்தம் எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நாலு வீதம் 32 மாத்திரை. ஒரு சொற்கட்டை மூன்று தடவை சொல்லி, நடுவில் இரண்டு இடைவெளி விட்டு, 32-இல் கச்சிதமாக முடிக்க வேண்டும். சொற்கட்டு அ, இடைவெளி ஆ என்றால் 3அ + 2ஆ = 32. இடைவெளி கட்டாயம் வேண்டும் என்றால் விடைகள் ஐந்துதான்: 10-உம் 1-உம், 8-உம் 4-உம், 6-உம் 7-உம், 4-உம் 10-உம், 2-உம் 13-உம். ஐந்தையும் சீட்டில் எழிதி நீட்டினேன். அவர் விரல் விட்டுப் பார்த்தார்.

"எல்லாம் கணக்குச் சரிதான் கண்ணு. ரெண்டு தட்டு தட்டிப்போட்டு பதிமூணு சும்மா இருந்தா, நான் எந்திரிச்சு டீ குடிக்கப் போயிட்டேன்னு சனம் நெனச்சுக்கும். எட்டும் நாலும் நல்லா இருக்குமுங்க, ஆனா அது எல்லாரும் வாசிக்கிறது. இந்த ஆறும் ஏழும் இருக்குது பாரு, அதைக் குடு."

ஏன் ஆறும் ஏழும் என்று கேட்டேன். இடைவெளி சொல்லைவிட ஒரு மாத்திரை நீளம், கேட்கிறவன் 'விட்டுட்டானோ' என்று நினைக்கிற நேரத்தில் பிடிக்கணும் என்றார். இதை விதியாக எழுதலாமா? எழுதலாம். ஆனால் நாளைக்கு எல்லாரும் ஆறும் ஏழும் வாசிக்க ஆரம்பித்தால் அவர் வேறு எடுப்பார். அப்போது விதியை யார் மாற்றுவது?

இந்த இடத்தில்தான் டேவிட் கோப் வருகிறார். கலிபோர்னியாவில் இசைப் பேராசிரியராக இருந்தவர். 1981-இல் ஒரு ஆபரா எழுத ஒப்புக்கொண்டு, ஒன்றும் ஓடாமல் உட்கார்ந்திருந்தவர், 'என் பாணி தெரிந்த ஒரு புரோகிராம் இருந்தால்?' என்று கிளம்பினார். அவர் விதிகளைக் கையால் எழுதுவதைவிட, பழைய உருப்படிகளைத் துண்டுகளாக்கி உள்ளே போட்டு, எந்தத் துண்டுக்குப் பின் எது வருகிறது என்று பார்த்துத் திரும்பக் கோக்க வைத்தார். 1991-இல் வந்த 'கம்ப்யூட்டர்ஸ் அண்ட் மியூசிகல் ஸ்டைல்' இந்த வேலையைச் சொல்கிற புத்தகம். 1997-இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. பாக் எழுதியது ஒன்று, அவர் பாணியில் கோப்பின் புரோகிராம் எழுதியது ஒன்று, ஸ்டீவ் லார்சன் என்ற பேராசிரியர் எழுதியது ஒன்று. சபை என்ன சொன்னது தெரியுமா? புரோகிராம் எழுதியதுதான் பாக் என்றது. பேராசிரியர் எழுதியதைக் கம்ப்யூட்டர் என்றது. பாவம் மனுஷன்!

இன்று செல்போனில் ஒரு வரி எழுதினால் பாட்டு வருகிறதே, அதன் உள்வேலை கோப்பினுடையதைவிட ரொம்பப் பெரிது. ஆனால் 'முன்னால் வந்ததைக் கற்று அடுத்ததைச் சொல்' என்ற எண்ணத்தில் இரண்டும் ஒரே ஊர்க்காரர்கள்தான்.

நம்ம சங்கீதத்தில் இதற்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு. பாக்கின் ஸ்வரத்தாளில் வாசிக்க வேண்டியது கிட்டத்தட்ட முழுவதும் இருக்கிறது. நம்ம ஸ்வரக் குறிப்பு வெறும் எலும்புக்கூடு. தோடி ராகத்தின் காந்தாரத்தை 'க' என்று ஒரு எழுத்தில் எழுதிவிடுகிறோம், பாடும்போது அது ஊஞ்சலாடுகிறது. அந்தக் கமகத்தை எந்தத் தாளிலிருந்து இயந்திரம் படிக்கும்? எம். சுப்ரமணியன் என்பவர் உருவாக்கிய 'காயக' என்ற மென்பொருள், கமகத்தோடு குறிப்பை வாசித்துக் காட்ட முயன்றது. 2011-இல் பார்சிலோனாவில் சேவியர் செர்ரா தொடங்கிய 'காம்ப்மியூசிக்' திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தியின் குழுவும் சேர்ந்தது. அவர்கள் கச்சேரி ஒலிப்பதிவுகளையே நேராக எடுத்து அலசினார்கள். அதுதான் சரியான பாதை என்பது என் கட்சி.

சரி, இதில் நமக்கென்ன? பல கோயில்களில் தீபாராதனைக்கு மோட்டார் மேளம் பார்த்திருப்பீர்கள். மோட்டார் சுற்ற, கேம் தூக்கிவிட, கோல் முரசில் விழும், கூடவே மணியும் அடிக்கும். சுவிட்சைப் போட்டால் போதும். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு அதன் டிராயிங்கே மனப்பாடம். அந்த கேமின் மேடு பள்ளம்தான் அதன் புரோகிராம், தினமும் ஒரே பாட்டு. எங்கள் தெரு அண்ணனுக்கு ஒரு கோயிலில் தினப்படி பூஜை வாசிப்பு இப்படித்தான் போனது. கல்யாணமும் ஆடித் திருவிழாவும் இன்னும் இருக்கின்றன. மோட்டாருக்கு ஆறும் ஏழும் தெரியாது. நம்மில் யாராவது அடுத்த வருஷப் புராஜெக்டில் அதைத் தெரிய வைத்துவிடலாம், கஷ்டமே இல்லை. அப்படிச் செய்கிறவர்கள், முதலில் ஒரு தவில்காரரை லேபுக்குக் கூட்டி வந்து உட்கார வைத்து, எதை வைப்பது எதைத் தள்ளுவது என்று கேட்டுச் செய்யுங்கள். டிரெயினிங் டேட்டா என்று பெயர் வைத்து அவர் வாசிப்பைச் சும்மா எடுத்துக்கொள்ளாமல், ரஹ்மான் அந்தப் பாடகர்களின் குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டுப் பணமும் கொடுத்த மாதிரி கொடுத்துச் செய்யுங்கள்.

கணக்குப் பிரியர்களுக்கு ஒரு வேலை: சார்ங்கதேவர் முறைப்படி ஏழு ஸ்வரங்களின் 5040 வரிசைகளில் 3000-ஆவது எது? இப்போது 720, 720-ஆகப் பிரியும், முதல் 720-உம் 'நி'யில் முடியும். கம்ப்யூட்டர் கூடாது, பேப்பரும் பென்சிலும் மட்டும். விடை தெரிந்தவர்கள் மாலை நாலரைக்கு எலக்ட்ரானிக்ஸ் லேப் வாசலுக்கு வாருங்கள். டீ என் செலவு, வடை உங்கள் செலவு.