பென்டகனை மிஞ்சிய சூரத் வளாகம்: கட்டடம் வந்தது, வணிகம் வருமா?

நமது சிறப்பு நிருபர்

புது தில்லி: உலகின் மிகப் பெரிய அலுவலகக் கட்டடம் எது என்ற கேள்விக்கு 80 ஆண்டுகளாக ஒரே விடைதான் இருந்தது. 1943-இல் கட்டி முடிக்கப்பட்ட அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகன்தான் அது. 2023-இல் அந்தப் பெருமை குஜராத் மாநிலம் சூரத் நகருக்கு வந்து சேர்ந்தது. அங்கு கஜோத் பகுதியில் 35 ஏக்கரில் எழுப்பப்பட்ட வைர வணிக வளாகத்தின் கட்டுமானப் பரப்பு 67 லட்சம் சதுர அடிக்கும் அதிகம். தில்லியில் 2023 மே மாதம் திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடத்தைப்போல் இது ஏறத்தாழ பத்து மடங்கு.

ஆனால், இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கட்டி முடித்த வைர வியாபாரிகளில் பெரும்பாலோர் அங்கு குடியேறத் தயங்கியதுதான் வியப்பு. 2024-ஆம் ஆண்டு முழுவதும் வளாகத்தின் பெரும்பகுதி பூட்டியே கிடந்தது.

உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களில் பத்தில் ஒன்பது சூரத்தில்தான் தீட்டப்படுகின்றன. விற்பனையோ மும்பையில். சூரத்தில் பகலில் தீட்டிய கல், "அங்காடியா' எனப்படும் நம்பிக்கைக்குரிய தூதர்களின் கைப்பையில் ரயிலேறி மும்பைக்குப் போகும். தொழிற்சாலை ஓரிடம், கடை ஓரிடம் என்றிருக்கும் இந்த நிலையை மாற்றி, இரண்டையும் சூரத்திலேயே இணைப்பதுதான் திட்டம். "டிரீம் சிட்டி' என்று பெயரிடப்பட்ட புதிய நகரத்தில் மாநில அரசு இடம் ஒதுக்க, 2015-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பணம் போட்டவர்கள் வியாபாரிகள். கட்டுமானம் தொடங்கும் முன்பே அலுவலகங்கள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன.

பென்டகனை மிஞ்ச வேண்டும் என்பது யாருடைய நோக்கமாகவும் இருக்கவில்லை. எத்தனை பேர் இடம் கேட்டார்களோ, அதற்கேற்ப பரப்பு பெருகியது. 4,700 அலுவலகங்கள், 131 மின்தூக்கிகள், சுமார் 65,000 பேர் வந்துபோகும் வசதி. சர்வதேசப் போட்டியில் வென்று இதை வடிவமைத்தது தில்லியைச் சேர்ந்த மார்ஃபோஜெனிசிஸ் நிறுவனம்.

ஏழு நிமிட நடை

இத்தனை அலுவலகங்களையும் வானளாவிய ஒரே கோபுரமாக அடுக்கியிருக்கலாம். பெருநகரங்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் வைரத் தொழிலின் நடைமுறை வேறு. இங்கே ஒரு வியாபாரி ஒரே நாளில் பல அலுவலகங்களின் படியேறி இறங்குவார். சட்டைப் பையில் லட்சக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள கற்களுடன் மின்தூக்கிக்கு வரிசையில் நிற்பது அவருக்கு ஒத்துவராது. தவிர, ஒற்றைக் கோபுரத்தில் எந்தத் தளம் என்பதே அந்தஸ்தாகிவிடும்.

எனவே உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டினார்கள். ஒவ்வொன்றும் 15 தளங்கள் கொண்ட ஒன்பது கட்டடங்கள். நடுவே ஒரு நீண்ட கூடம் முதுகெலும்புபோல் ஓட, அதிலிருந்து விலா எலும்புகள்போல் இவை பிரிகின்றன. எந்த வாயிலில் நுழைந்தாலும் எந்த அலுவலகத்தையும் ஏழு நிமிடங்களுக்குள் அடைந்துவிடலாம் என்பது வடிவமைப்பாளர்களின் கணக்கு. யாருக்கு எந்த அறை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். 300 சதுர அடி வாங்கிய சிறு வியாபாரிக்கும், தளம் தளமாக வாங்கிய பெரு நிறுவனத்துக்கும் வாசல் தூரம் ஏறக்குறைய ஒன்றே. வளாகத்தின் பரப்பைவிட இந்தச் சமத்துவம்தான் பாராட்டத் தக்கது.

கட்டடங்களுக்கு இடையே ஒன்பது முற்றங்கள் உள்ளன. வைரச் சந்தை என்பது ஆதியில் தெருவோரத்தில் நின்றபடியே காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டிப் பேரம் பேசும் சந்தைதான். அந்தப் பழக்கத்தை மேல்தளத்துக் கண்ணாடி அறைகளுக்குள் அடைத்துவிடாமல், மரநிழலில் தொடர இடம் விட்டிருக்கிறார்கள்.

வெயிலைச் சமாளித்த விதமும் குறிப்பிடத் தக்கது. கடலுக்கு அருகில் உள்ள சூரத்தில் வெப்பமும் புழுக்கமும் அதிகம். ஆனால் காற்றுக்குப் பஞ்சமில்லை. நடுக்கூடத்தின் முனைகளைப் புனல்போல் விரித்து, வீசும் காற்றை உள்ளே இழுத்துக் கட்டடம் நெடுகச் செலுத்துகிறார்கள். தரைக்கு அடியில் ஓடும் குழாய்களில் குளிர்ந்த நீர் சுற்றி வந்து தரையைக் குளிர்விக்கிறது. தனித்தனி அலுவலகங்களுக்குக் குளிர்சாதனம் தேவைப்படலாம். எனினும், வளாகத்தில் ஏறத்தாழ பாதி இயற்கைக் காற்றோட்டத்திலேயே இயங்கும் என்பது வடிவமைப்பாளர்களின் மதிப்பீடு. பொது இடங்களுக்கான மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து வருகிறது.

வந்தார்கள், திரும்பினார்கள்

2023 டிசம்பர் 17-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி வளாகத்தைத் திறந்து வைத்தார். அதே நாளில் சூரத் விமான நிலையத்தின் புதிய முனையமும் திறக்கப்பட்டது. அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் அந்த விமான நிலையத்துக்குச் சர்வதேச அந்தஸ்து வழங்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருந்தது. வைர வணிகத்தை மும்பையிலிருந்து குஜராத்துக்குக் கடத்துகிறார்கள் என்று மகாராஷ்டிர எதிர்க்கட்சிகள் குரல் எழுப்பின. மறுபுறம், கட்டுமான ஒப்பந்ததாரர் தமக்கு ரூ. 500 கோடிக்கும் அதிகமான பாக்கி வர வேண்டியுள்ளதாகக் கூறி நீதிமன்றத்தை நாடினார். வளாக நிர்வாகம் அதை மறுத்தது.

எல்லோருக்கும் முன்மாதிரியாக முதலில் வந்தவர் வளாகத்தின் தலைவராக இருந்த வல்லபாய் லக்கானி. தமது கிரண் ஜெம்ஸ் நிறுவனத்தின் மும்பை வணிகத்தை அவர் சூரத்துக்கு மாற்றினார். ஆனால் மற்றவர்கள் பின்தொடரவில்லை. 2024 ஜனவரியில் அவர் தலைவர் பொறுப்பிலிருந்து விலகி, வணிகத்தை மீண்டும் மும்பைக்கே கொண்டு சென்றார். பிறகு, அதே ஆண்டில் மாநிலங்களவை உறுப்பினரான சூரத் வைரத் தொழிலதிபர் கோவிந்த் தோலக்கியா தலைமைப் பொறுப்பை ஏற்றார். முன்கூட்டியே அலுவலகம் திறப்போருக்குப் பராமரிப்புக் கட்டணத்தில் சலுகை தரப்பட்டது.

தயக்கத்துக்குக் காரணம் கட்டடம் அல்ல. வெளிநாட்டிலிருந்து வரும் வியாபாரி மும்பையில்தான் இறங்குகிறார். அங்கே ஒரே நாளில் நூறு கடைகளைப் பார்க்கும் வாய்ப்பு இருக்கும்போது, பத்துக் கடைகளைப் பார்க்கச் சூரத்துக்கு ஏன் வர வேண்டும்? வாங்குபவர் வந்தால் வருவேன் என்கிறார் விற்பவர்; விற்பவர் இருந்தால் வருவேன் என்கிறார் வாங்குபவர். வியாபாரிகளின் குடும்பங்களும் பிள்ளைகளின் பள்ளிகளும் மும்பையில் வேரூன்றி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது.

மும்பைக்கே இந்த அனுபவம் உண்டு. அங்கு ஓபரா ஹவுஸ் பகுதியின் நெரிசலான கட்டடங்களில் இயங்கிவந்த வைர வணிகத்துக்காக, பாந்த்ரா-குர்லா வளாகத்தில் 20 ஏக்கரில் சுமார் 2,500 அலுவலகங்களுடன் பாரத் வைரச் சந்தை 2010-இல் திறக்கப்பட்டது. அப்போதும் பலர் பழைய இடத்தை விட்டு நகரவில்லை. 2011 ஜூலை 13-ஆம் தேதி ஓபரா ஹவுஸ் பகுதியில் குண்டு வெடித்த பிறகே இடமாற்றம் வேகம் பிடித்தது.

சூரத்துக்குக் காலமும் கைகொடுக்கவில்லை. ரஷிய வைரங்களுக்கு ஜி-7 நாடுகள் விதித்த தடை 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆய்வகத்தில் உருவாக்கப்படும் வைரங்கள் இயற்கைக் கல்லின் விலையைச் சரித்தன. 2022-23 நிதியாண்டில் சுமார் 2,200 கோடி டாலராக இருந்த பட்டை தீட்டிய வைர ஏற்றுமதி, 2024-25-இல் சுமார் 1,330 கோடி டாலராகச் சுருங்கியது. 2024 ஆகஸ்டில் கிரண் ஜெம்ஸ் தனது 50,000 தொழிலாளர்களுக்குப் பத்து நாள் விடுமுறை அறிவித்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீத வரி விதித்தது. வைரத்துக்கு மிகப் பெரிய சந்தையே அமெரிக்காதான்.

பெரு நிறுவனங்களுக்கு இதில் பெரிய இழப்பில்லை. அவர்களால் மும்பையில் ஒன்று, சூரத்தில் ஒன்று என இரு அலுவலகங்களை வைத்துக்கொள்ள முடியும். சிக்கல் 300 சதுர அடிக்காரருக்குத்தான். மும்பையில் இடம் வாங்க வசதியில்லாத அவர், உள்ளூரிலேயே வெளிநாட்டு வியாபாரியை நேரடியாகச் சந்திக்கலாம் என்று நம்பித்தான் சேமிப்பைப் போட்டார். அரசுக் கட்டடமாக இருந்திருந்தால் நஷ்டம் கருவூலத்தோடு போயிருக்கும். இங்கு வாங்கியவர்களே உரிமையாளர்கள் என்பதால், பூட்டிய அறைக்கும் அவர்களே பொறுப்பு.