வழி அடைபட்டால் செய்தி செல்வது எவ்வாறு?

திருவனந்தபுரத்திலுள்ள கிழக்கேகோட்டை, நகரப் பஸ்கள் பலவும் புறப்படும் இடமாகும். ஆண்டுதோறும் கும்ப மாதத்தில் ஆற்றுக்கால் பொங்கல் நாளன்று, சுற்றுப்புற வீதிகளிலெல்லாம் பெண்கள் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவர். அன்று பஸ்கள் வழக்கமான பாதையில் செல்ல இயலாது. எத்தெரு அடைபட்டது, எத்தெரு திறந்திருக்கிறது என்னும் செய்தியை அறிந்த ஓட்டுநர் வேறு வழியே சென்று சேர்வார். ஒரே வழியை மட்டும் மனப்பாடம் செய்தவரோ, தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

அலுவலகங்களுக்கிடையே செல்லும் கம்ப்யூட்டர் செய்திகளின் நிலையும் இதுவே. கேரள அரசின் மாநிலப் பரந்த வலையமைப்பு திருவனந்தபுரம், கொச்சி, கோழிக்கோடு ஆகிய மூன்று மையங்களையும், 14 மாவட்டங்களையும், 152 பிளாக்குகளையும் இணைக்கும் நோக்குடன் அமைக்கப்பட்டது. இவ்வளவு இடங்களுள் ஏதேனும் ஒன்றில் இணைப்பு அற்றுப்போனால், சான்றிதழுக்காகவோ ஓய்வூதியத்துக்காகவோ காத்திருப்பவர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். இத்தகைய அமைப்பின் வடிவத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, சுரங்கவழிகளால் இணைந்த அலுவலகங்களுக்கு வழி வகுக்கும் முறையை இங்கு ஆராயலாம்.

சுரங்கவழி என்பது யாது?

வி.பி.என். எனப்படும் சுரங்கவழியில், அனுப்பப்படும் செய்திப் பொட்டலம் முதலில் இரகசியக் குறியீடாக மாற்றப்படுகிறது. பின்னர் மற்றோர் உறைக்குள் இடப்பட்டு, பொது இன்டர்நெட் வழியே செல்கிறது. முத்திரையிட்ட தபால் பை சாதாரண ரயிலில் செல்வதை இதற்கு ஒப்பிடலாம். இடையிலுள்ளோர் பையைக் காண்பரேயன்றி, உள்ளிருக்கும் கடிதத்தைக் காணார். இதற்கான ஐபிசெக் நெறிமுறைகள் 1995-இல் முதன்முதலாக வெளியிடப்பட்டன. வெளியுறைக்கும் இடம் வேண்டுமாதலால், 1500 பைட் கொள்ளும் பாதையில் உட்பொட்டலத்தை ஏறத்தாழ 1400 பைட்டுக்குள் அடக்குவது வழக்கம்.

ஒவ்வோர் அலுவலகத்தையும் மற்ற எல்லா அலுவலகங்களுடனும் நேரே இணைத்தல் எளிதன்று. 14 மாவட்டங்களுக்கு 91 சுரங்கவழிகள் போதும். 152 பிளாக்குகளுக்கோ 11,476 வேண்டும். ஆகவே மையங்களை அச்சாகவும், பிற இடங்களை ஆரக்கால்களாகவும் அமைப்பதே நடைமுறை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இரண்டு மையங்களுடன் இணைப்புக் கொடுத்தால் 28 சுரங்கவழிகளும், மையங்களுக்கிடையே 3 சுரங்கவழிகளும் போதுமானவை.

நிலைவழியும் மாறுவழியும்

வழிகளைக் கையால் எழுதி வைப்பது நிலைவழி முறை. சிறு அமைப்புக்கு இது நன்று. எனினும், சுரங்கவழியின் மறுமுனை செயலற்றுப்போன பின்பும், இம்முனையிலுள்ள ரூட்டர் அதனைத் திறந்த வழியென்றே கருதக்கூடும். அவ்வாறாயின் செய்திகள் யாவும் பாழ்ங்கிணற்றில் இட்ட கல்லாகும்.

மாறுவழி முறையில் ரூட்டர்கள் ஒன்றோடொன்று ஓயாது செய்தி பரிமாறிக்கொள்கின்றன. இதில் இரண்டு வகைகள் முக்கியமானவை. முதல் வகையில், ஒவ்வொரு ரூட்டரும் தன் அண்டை ரூட்டர் சொல்லும் தூரத்தை நம்புகிறது. 1988-இல் வரையறுக்கப்பட்ட ‘ரிப்’ நெறிமுறை இவ்வகையைச் சேர்ந்தது. இது 30 விநாடிக்கு ஒருமுறை செய்தி அனுப்பும். 180 விநாடி செய்தி வராவிடில் வழி அற்றதெனக் கொள்ளும். 15 தாவல்களுக்கு மேற்பட்ட இடத்தை எட்டாத இடமென முடிவு செய்யும். ஊர்ப்பேச்சைப் போலவே, இம்முறையில் பழைய செய்தி சுற்றிச் சுற்றி வந்து புதுச்செய்தியெனத் தோன்றுவதும் உண்டு.

இரண்டாம் வகையில், ஒவ்வொரு ரூட்டரும் அமைப்பு முழுவதற்குமான வரைபடத்தைத் தானே தொகுத்து, குறைந்த செலவுள்ள வழியைக் கணக்கிடுகிறது. இக்கணக்கை ஹாலந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-இல் வகுத்து 1959-இல் வெளியிட்டார். அந்நாட்டின் 64 நகரங்களுக்கிடையே மிகக் குறுகிய வழியைக் கண்டறிவதே அவர் காட்டிய எடுத்துக்காட்டு. 1989-இல் முதன்முறை வரையறுக்கப்பட்ட ‘ஓ.எஸ்.பி.எஃப்.’ நெறிமுறை இக்கணக்கைப் பயன்படுத்துகிறது. இதில் பொதுவாக 10 விநாடிக்கு ஒருமுறை அண்டை ரூட்டரை ‘நலமா?’ என வினவுவதும், 40 விநாடி விடை வராவிடில் வேறு வழி தேடுவதும் வழக்கம்.

வடிவமைப்பில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, வழிகளின் செலவு. கிழக்கேகோட்டையிலிருந்து கோழிக்கோடு வரை செல்லும் சுரங்கவழியும், அடுத்த தெருவுக்குச் செல்லும் சுரங்கவழியும் ரூட்டரின் கண்ணுக்கு ஒரே ஒரு தாவல்தான். உண்மையான வேகத்தையும் தாமதத்தையும் கருதி, ஒவ்வொரு வழிக்கும் உரிய செலவு எண்ணை வடிவமைப்பாளரே எழுத வேண்டும். இரண்டு மையங்களுடன் இணைந்த சிறு அலுவலகம், அம்மையங்களுக்கிடையே இடைவழியாகிவிடாமலும் காக்க வேண்டும். சாலைக் கடைவீதியின் சந்து மகாத்மா காந்தி சாலையின் நெரிசலைத் தாங்குமா?

இரண்டாவது, முகவரி ஒழுங்கு. கோட்டை அஞ்சலகத்தின் எண் 695023. சென்னையில் கடிதம் பிரிப்பவருக்கு 695 என்னும் முற்பகுதியே போதும். எஞ்சியதைத் திருவனந்தபுரத்தார் பார்த்துக்கொள்வர். அதுபோல மாவட்டத்துக்கொரு முகவரித் தொகுதி வகுத்தால், மையங்கள் பிளாக்குகளின் விவரம் அனைத்தையும் சுமக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, வெளிமுனைக்கான வழி. சுரங்கவழியின் மறுமுனையை அடையும் பாதையை அச்சுரங்கவழியாகவே கற்றுக்கொள்ள ரூட்டரை அனுமதித்தல் ஆகாது. கிணற்றில் இறங்குபவன் கயிற்றின் மேல்நுனியைத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொள்வது போன்றதாகும் அது. சுரங்கவழி எழும், விழும், மீண்டும் எழும். வெளிமுனைக்கு மட்டும் நிலைவழியை எழுதிவைப்பது இதற்குப் பரிகாரம்.

நான்காவது, செய்தியைச் சோதித்தல். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தானில் யூடியூபைத் தடுக்கும் பொருட்டு எழுதப்பட்ட வழிச்செய்தி ஒன்று நாட்டெல்லை கடந்து பரவியது. அது குறுகிய, நுண்ணிய முகவரிக்கு உரியதாயிருந்தமையால், உலகெங்குமுள்ள ரூட்டர்கள் அதற்கே முதன்மை அளித்தன. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் யூடியூபை நாடியோர் வழி தவறினர். ஆகவே அண்டை ரூட்டருக்கு இரகசியச் சாவி இருத்தல் வேண்டும். ஒவ்வோர் அலுவலகமும் தனக்குரிய முகவரிகளை மட்டுமே அறிவித்தல் வேண்டும்.

கணக்கு அறியாத மண்

இவை யாவும் அமைந்த பின்னும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. சுரங்கவழி தன் செய்தியை மறைப்பதோடு, தான் செல்லும் மண்ணையும் மறைத்துவிடுகிறது. வயநாட்டிலுள்ள ஓர் அலுவலகத்துக்குக் கோழிக்கோட்டிலிருந்து ஒன்றும், கொச்சியிலிருந்து ஒன்றுமாக இரண்டு சுரங்கவழிகள் உள்ளன எனக் கொள்வோம். வரைபடத்தில் இவை இரு வேறு வழிகள். ஆனால் இரண்டும் தாமரச்சேரிச் சுரத்தில் ஒரே கேபிளில் சென்றால், ஒருமுறை மண் சரிந்தாலும் இரண்டும் சேர்ந்தே அறும். ஒன்று குற்றியாடிச் சுரம் வழியே சென்றிருந்தால், நொடிகள் சிலவற்றில் செய்தி அவ்வழியே திரும்பியிருக்கும். இல்லாத வழியை டைக்ஸ்ட்ராவின் கணக்காலும் உண்டாக்க இயலாது.

இதனை அறியக்கூடியவர் களப்பணியாளரே. எந்தக் கேபிள் எந்தப் பாலத்தைக் கடக்கிறது, எந்தக் கம்பத்தில் ஏறுகிறது என்பதைக் கண்டு குறித்து, சுரங்கவழி வரைபடத்தோடு ஒப்பிட்டு வைத்தல் அவர்தம் கடமையாகும். ஓய்வு நேரத்தில், முன்னறிவிப்புடன், ஓர் இணைப்பை வேண்டுமென்றே கழற்றிப் பார்த்தலும் நன்று. பேரிடர் நாளில் வெளிப்படும் குறை, அமைதியான நாளிலேயே வெளிப்பட்டுவிடும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் எளிதாகச் செய்து காட்டலாம். ஆறு மாணவர்களை ரூட்டர்களாக நிறுத்தி, நூலால் இணைத்து, ஒவ்வொரு நூலிலும் செலவு எண் எழுதிய சீட்டைக் கட்டுக. குறைந்த செலவுள்ள வழியை அவர்கள் கண்டபின், அவ்வழியிலுள்ள ஒரு நூலை அறுத்து மீண்டும் கணக்கிடச் செய்க. இறுதியாக, இரண்டு நூல்களை ஒரே வளையத்தினுள் செலுத்தி, வளையத்தோடு சேர்த்து இரண்டையும் அறுத்துக் காட்டுக. இரு வழிகள் என எண்ணியது உண்மையில் ஒரு வழியே என்பதை மாணவர் அக்கணமே உணர்வர்.