பற்றவைக்கும் பொறிக்குப் பார்வை தந்த மின்தடை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர் ஒருவர்)

நம் ஆய்வகத்தில் ஜூல் கலோரிமீட்டர் சோதனையைச் செய்தவர்கள் அறிவார்கள்: மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்தி வைப்பது எளிதன்று. அம்மீட்டரின் முள் மெல்ல நகரும். ஒருவர் முள்ளையே பார்த்து ரியோஸ்டாட்டைச் சரிசெய்துகொண்டிருக்க, மற்றவர் வெப்பநிலையைக் குறித்துக்கொள்வோம். அளப்பது, பிழையைக் காண்பது, திருத்துவது என்னும் இச்செயலுக்குப் பின்னூட்டுக் கட்டுப்பாடு என்று பெயர். இதே ஜூல் விதியும் இதே திருத்தும் வேலையும்தான் ஒரு காரின் உடலை ஒன்றாகப் பிடித்துவைத்திருக்கின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொட்டுப் பற்றவைப்பு

கடத்தியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கம், மின்தடை, நேரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் என்று ஜூல் 1841 இல் அறிவித்தார். இவ்வெப்பத்தைக் கொண்டு உலோகங்களை இணைக்கும் முறைக்கு எலிஹூ தாம்சன் 1886 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

முறை எளிது. இரண்டு எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இருபுறமும் தாமிர மின்முனைகளால் அழுத்தி, மிகப் பெரும் மின்னோட்டத்தைச் சிறிது நேரம் செலுத்துவார்கள். தகடுகள் தொடும் இடம் உருகி, மின்னோட்டம் நின்றதும் உறைந்து, சிறு வில்லைபோல் இறுகிவிடும். ஒரு காரின் உடலில் இத்தகைய பொட்டுகள் ஏறத்தாழ 3000 முதல் 5000 வரை உண்டு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மின்னோட்டம் 10,000 ஆம்பியர், மின்தடை ஓர் ஓமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, நேரம் 0.2 வினாடி. பிறக்கும் வெப்பம் 2000 ஜூல். இது 200 கிராம் தண்ணீரின் வெப்பநிலையை 2.4 டிகிரிதான் உயர்த்தும். அதே வெப்பம் பட்டாணி அளவு இடத்தில் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் குவிவதால் எஃகு உருகிவிடுகிறது. தேவைப்படும் மின்னழுத்தமோ ஏறக்குறைய 1 வோல்ட்டுதான்!

சிக்கல் எங்கே?

மின்னோட்டத்தையும் நேரத்தையும் நிலையாக வைத்தால் வெப்பமும் நிலையாக இருக்கும் என்று நாம் நினைப்போம். சூத்திரத்தில் மூன்றாவதாக ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறோம். மின்தடை நிலையானதன்று. தகட்டில் எண்ணெயோ துருவோ இருந்தால் அது மாறும். தகடுகள் சரியாகப் பொருந்தாவிட்டாலும் மாறும். அருகில் முன்பே வைத்த பொட்டு இருந்தால் மின்னோட்டத்தின் ஒரு பகுதி அதன் வழியே போய்விடும்.

மின்முனையும் தேயும். ஆயிரக்கணக்கான முறை அழுத்தும்போது அதன் நுனி காளான்போல் அகன்றுவிடும். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள நுனி 6 மில்லிமீட்டர் ஆனால் பரப்பு 44 விழுக்காடு கூடுகிறது. ஒரு கன அளவில் பிறக்கும் வெப்பமோ பாதிக்கும் கீழே இறங்குகிறது. துத்தநாகம் பூசிய தகடுகளில் துத்தநாகமும் தாமிரமும் கலந்து பித்தளையாவதால் நுனி இன்னும் விரைவாகக் கெடும்.

இத்தனை பொட்டுகளைக் குறைந்த விட்டால் போதும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வில்லை தகடுகளுக்கு நடுவே மறைந்திருப்பதால், பிடிக்காத பொட்டும் நல்ல பொட்டைப் போலவே வெளியே தோன்றும். உளியால் பிளந்து பார்த்தால் தெரியும். ஆனால் பிளந்த காரை விற்க இயலாது. பிடிக்காத பொட்டின் விலையை விபத்து நாளில் உள்ளே அமர்ந்திருப்பவரே கொடுக்க நேரிடும்.

இதற்கு அஞ்சி, தேவைக்கு மேலே மின்னோட்டத்தைச் செலுத்துவதும் உண்டு. அப்போது உருகிய எஃகு பொறியாகத் தெறித்து வெளியேறும். பொட்டும் மெலியும், மின்முனையும் கெடும். இத்தனை பொட்டுகளுக்குப் பிறகு இத்தனை ஆம்பியர் கூட்டு என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் முறையும் உண்டு. அது தேய்மானத்தை ஊகிக்குமே தவிர, அளக்காது.

கொல்லரின் கண்

என் தாத்தா கொல்லர். மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை உலையில் காய்ச்சி, இரு முனைகளையும் அடித்து ஒட்டவைப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர். துருத்தியை எத்தனை முறை இழுக்க வேண்டும் என்று சிறுவயதில் கேட்டேன். "எண்ணாதே தம்பி, இரும்பின் நிறத்தைப் பார்" என்றார். அன்று கரி ஈரமாக இருந்தாலும், இரும்பு தடிமனாக இருந்தாலும், நிறம் பொய் சொல்லாது.

1969 இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஓஹையோ மாநிலத்து லார்ட்ஸ்டவுன் ஆலையில் யூனிமேட் எந்திரக் கைகளைப் பொட்டுப் பற்றவைப்புக்கு அமர்த்தியது. அக்கைகள் களைப்பறியாதவை, ஆனால் நிறம் பார்க்கும் கண் அவற்றுக்கு இல்லை. அந்தக் கண்ணைத் தருவதே தகவமைப்புக் கட்டுப்பாடு.

மின்தடை சொல்லும் கதை

மின்முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தத்தை அளந்து மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். ஓம் விதிதான்! பற்றவைக்கும் அந்தக் குறுகிய நேரத்திற்குள் இது ஒரு கதையே சொல்கிறது. முதலில் மேற்பரப்பின் மேடுபள்ளங்கள் நசுங்குவதால் மின்தடை இறங்கும். பின்பு எஃகு சூடேறச் சூடேற உயரும். உச்சத்தைத் தொட்டபின், உலோகம் உருகி மின்முனைகள் உள்ளே அழுந்துவதால் மீண்டும் இறங்கும். பொறி தெறித்தால் திடீரென விழும்.

பிளந்து சோதித்து நல்லதென்று கண்ட பொட்டின் வளைகோட்டைக் கட்டுப்பாட்டுப் பொறி நினைவில் வைத்துக்கொள்ளும். புதிய பொட்டின் வளைகோடு பின்தங்கினால் மின்னோட்டத்தையோ நேரத்தையோ கூட்டும், முந்தினால் குறைக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் தைரிஸ்டர் அரைச் சுற்றுக்கு ஒருமுறைதான் திருத்த முடியும். அதாவது 0.2 வினாடியில் 20 வாய்ப்புகள். 1000 ஹெர்ட்ஸ் இன்வெர்ட்டரைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ ஒவ்வொரு மில்லிவினாடியிலும் திருத்தலாம்.

இப்பொறிக்கும் எல்லை உண்டு. மாதிரியாகக் கொடுத்த பொட்டே தவறானால், பொறி அத்தவற்றையே உண்மையாகப் பின்பற்றும். எனவே மாதிரிகளைப் பிளந்து பார்ப்பதும், மீயொலியால் சோதிப்பதும், மின்முனை நுனியை அவ்வப்போது சீவிச் சரிசெய்வதும் இன்றும் தேவைப்படுகின்றன.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தாத்தாவின் தொழிலைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டதாகவே எண்ணியிருந்தேன். அவர் நிறத்தில் கண்டதைப் பொறி மின்தடையில் காண்கிறது என்று அறிந்தபின் அந்த எண்ணம் இல்லை. நண்பர்களே, அடுத்த முறை ஆய்வகத்தில் அம்மீட்டரின் முள் நகர்ந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். எந்த மின்தடை மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று கேட்டுப்பாருங்கள்.