மென்பொருள் மாதிரியாக்கத் திட்டப்பணி

மென்பொருள் மாதிரியாக்கத் திட்டப்பணி என்பது முதுநிலைக் கணினியியல் படிப்பில் மாணவர்கள் ஒரு பருவத்திற்குள் செய்து முடிக்கும் பயிற்சி ஆகும். இதில் மென்பொருள் எழுதப்படுவதில்லை. எழுதப்படவுள்ள மென்பொருளின் வடிவமைப்பு கணித முறையில் விவரிக்கப்பட்டு, அதில் பிழை உண்டா என்று ஆராயப்படுகிறது. இதற்குப் பயன்படும் மொழிகளுள் ஒன்று அலாய். இது மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஜாக்சனின் குழுவினரால் உருவாக்கப்பட்டது.

கேள்வியைத் தேர்தல்

ஒரு தொகுதி முழுவதையும் மாதிரியாக்க முனைவோர் பெரும்பாலும் பருவம் முடிவதற்குள் பணியை முடிப்பதில்லை. முதலில் தேவைப்படுவது விடை காண வேண்டிய ஒரு கேள்வி. எடுத்துக்காட்டாக, நூலகத் தொகுதி ஒன்றில் "ஒரே நூல் ஒரே நேரத்தில் இருவரிடம் இருக்க முடியுமா?" என்பது கேள்வியாயின், நூல், உறுப்பினர், இரவல் ஆகிய மூன்றும் போதும். நூலின் விலையும் அடுக்கு எண்ணும் விடப்படும். எதை விடுவது என்று முடிவு செய்வதே இப்பணியின் கடினமான பகுதி.

சரிபார்த்தல்

அலாய் பகுப்பாய்வி மாதிரியைப் பூலியன் வாய்ப்பாடாக மாற்றி, குறிப்பிட்ட வரம்பிற்குள் உள்ள எல்லா நிலைகளையும் கருத்தில் கொண்டு தேடுகிறது. வரம்பு தரப்படாவிடில் ஒவ்வொரு வகைப் பொருளிலும் மூன்று வரை எடுத்துக்கொள்ளும். "இரவல் தருமுன் நூல் நூலகத்தில் இருக்க வேண்டும்" என்ற விதி விடுபட்டிருந்தால், ஒரு நூலும் இரு உறுப்பினர்களும் கொண்ட எதிர் எடுத்துக்காட்டை வரைந்து காட்டும். எதுவும் கிடைக்காவிட்டால், அந்த வரம்பிற்குள் பிழை இல்லை என்பது மட்டுமே பொருள்; அது நிறுவல் அன்று. பெரும்பாலான பிழைகள் சிறிய எடுத்துக்காட்டுகளிலேயே வெளிப்படும் என்ற கருதுகோளின் மீதே இம்முறை நிற்கிறது.

மாணவர்கள் பெரிதும் ஏமாறும் இடம் வேறு. விதிகள் ஒன்றோடொன்று முரண்பட்டால், அவற்றை நிறைவு செய்யும் நிலை எதுவுமே இராது. அப்போது எல்லாக் கூற்றுகளும் "சரி" என்றே வரும். நூலே இல்லாத நூலகத்தில் எந்த நூலும் இருவரிடம் இராது அல்லவா! எனவே கூற்றுகளைச் சோதிக்கும் முன், மாதிரிக்குப் பொருந்தும் ஒரு நிலையையாவது காட்டுமாறு பகுப்பாய்வியைக் கேட்க வேண்டும். இதைச் செய்யாத அறிக்கையில் "பிழை இல்லை" என்ற வரிக்கு மதிப்பில்லை.

கார்ட் நெறிமுறை

2001 இல் வெளியான கார்ட், கணினிகளை ஒரு வளையமாக இணைத்துத் தரவைத் தேட உதவும் நெறிமுறை ஆகும். எளிமையும் நிறுவத்தக்க சரித்தன்மையும் அதன் சிறப்புகளாகக் கூறப்பட்டன. பமேலா சேவ் அதன் வளையப் பராமரிப்புப் பகுதியை மட்டும் அலாயில் மாதிரியாக்கி, 2012 இல் முடிவுகளை வெளியிட்டார். அதுவரை வெளியான எந்த வடிவமும் சரியானதன்று. என்றும் மாறாதவை எனக் கூறப்பட்ட ஏழு பண்புகளில் ஒன்றுகூட அவ்வாறு நிலைக்கவில்லை. கணினிகள் இணைந்தும் செயலிழந்தும் வரும்போது வளையம் சீர்செய்ய இயலாதவாறு குலையக்கூடும் என்பதை அவருடைய எதிர் எடுத்துக்காட்டுகள் காட்டின. திருத்திய வடிவத்தையும் அதன் நிறுவலையும் 2017 இல் அவரே வெளியிட்டார். வளையம் ஒரே கணினியுடன் தொடங்கக் கூடாது என்பது அத்திருத்தங்களுள் ஒன்று.