மாட்டின் உயரமா, நெஞ்சுச் சுற்றளவா?

அமெரிக்காவில் இறைச்சி மாடுகளின் காதுத் தோலுக்குக் கீழ் சிறிய ஓமோன் குளிசைகளை வைக்கும் வழக்கம் உண்டு. இவை தசையையும் உடற்கட்டையும் பெருக்குகின்றன. ஆனால் போதிய கொழுப்புப் பிடிக்கக் கூடுதல் நாட்கள் தீனி கொடுக்கவேண்டும். ஐரோப்பிய சமூகம் இத்தகைய இறைச்சியின் இறக்குமதியை 1989இல் தடைசெய்தது.

குளிசை வைக்காத மாட்டுக்கும் ஓர் உண்மை பொருந்தும். வளர்ந்த மாட்டுக்கு நல்ல தீனி கொடுக்கக் கொடுக்க உயரம் அதிகம் மாறாது. நெஞ்சுச் சுற்றளவே கூடும். ஆகவே உயரத்தைப் பார்த்து விலை பேசாதீர்கள். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நாடாவைச் சுற்றி அங்குலத்தில் அளவுங்கள். அந்த எண்ணை அதே எண்ணாலும், தோள்முனை முதல் பிட்ட எலும்பு வரையான நீளத்தாலும் பெருக்கி 300ஆல் வகுத்தால், நிறை இறாத்தலில் கிடைக்கும். சுற்றளவு 60, நீளம் 50 என்றால் ஏறத்தாழ 600 இறாத்தல், அதாவது 272 கிலோ.

அவசரத்துக்கு மாட்டை விற்க நேர்ந்தாலும், தரகர் சொல்லும் நிறையை மட்டும் நம்பவேண்டியதில்லை.