அண்ணா சாலையில் ஓர் உலா

கடைவீதிக்குப் போனால் நம் கண்கள் வளையலையும் துணியையும்தான் தேடும். கடையின் கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பவர் எத்தனை பேர்? எங்கள் வரலாற்று ஆசிரியையான அருட்சகோதரி ஒருநாள் எங்களைச் சென்னை அண்ணா சாலைக்கு அழைத்துச் சென்றார். "இன்று எதையும் வாங்க வேண்டாம், மேலே பாருங்கள்" என்றார். அன்று நாங்கள் கண்டதையும் கேட்டதையும் இங்கே தருகிறோம்.

புனித ஜார்ஜ் கோட்டைப் பக்கமிருந்து புனித தோமையார் மலைக்குச் செல்லும் வழி ஆதலால் இது முன்னாளில் 'மவுண்ட் ரோடு' எனப் பெயர் பெற்றது. மலைமேல் உள்ள ஆலயம் 1523-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியரால் கட்டப்பட்டது. அங்கே செல்வோர் அடையாற்றைக் கடக்க வேண்டியிருந்தது. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் தம் பொருளைச் செலவிட்டு 1726-இல் சைதாப்பேட்டையில் பாலம் அமைத்தார். மலைக்கு ஏறும் படிகளும் அவரது கொடையே. ஒரு வணிகரின் பக்தியால் சீரடைந்த பாதை, பின்னாளில் வணிகர்களின் வீதியாகவே மாறியது!

1844-இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை 1904-இல் தன் வெண்ணிறக் கட்டடத்தைப் பெற்றது. அதன் கூரை ஏன் அவ்வளவு உயரம்? சூடான காற்று மேலே எழும் இயல்புடையது. மின்விசிறி அரிதாயிருந்த அக்காலத்தில், கூரை உயர்ந்திருந்தால் கீழே நிற்பவர்க்கு வெப்பம் குறையும். அருகிலுள்ள பி. ஆர் அண்ட் சன்ஸ் கடை கடிகார வணிகத்துக்குப் பெயர் பெற்றது. எனவே அதன் உச்சியில் கடிகாரக் கோபுரம் எழுந்ததில் வியப்பில்லை.

ஸ்பென்சர் நிறுவனம் 1895-இல் செங்கல்லால் ஒரு மாளிகை எழுப்பியது. அதன் பாணி 'இந்தோ-சாரசனிக்' எனப்படும். முகலாயரின் வளைவுகளும் குவிமாடங்களும் ஐரோப்பியரின் கட்டட அமைப்போடு கலந்ததே இப்பாணி. நாம் அறிந்த உயர் நீதிமன்றமும் இவ்வகையே. அம்மாளிகை 1980-களில் தீக்கிரையானது. அவ்விடத்தில் ஸ்பென்சர் பிளாசா எழுந்தது.

1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம் வேறு கதை சொல்கிறது. முன்னோர் அகலமாகக் கட்டினர். கான்கிரீட் வந்தபின் மக்கள் உயரமாகக் கட்டத் தொடங்கினர்.

இறுதியாக, ஸ்மித் என்னும் மருந்து வணிகர் 1897-இல் கட்டிய மாளிகைக்கு வந்தோம். பிற்காலத்தில் இது பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் எனப்பட்டது. அதன் சிதைந்த கோலத்தைக் கண்டு எங்களுள் சிலர், "இதை இடித்துவிட்டால் என்ன, சிஸ்டர்?" என்று கேட்டோம். 2006-இல் அப்படித்தான் இடிக்கத் தொடங்கினார்கள் என்றும், பழமையைப் போற்றுவோர் வழக்குத் தொடுத்ததால் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து, 2010-இல் தீர்ப்பும் வழங்கியது என்றும் அவர் விளக்கினார். பிறகு, "ஸ்பென்சர் மாளிகையை நெருப்பு கொண்டு போயிற்று. அதை நம்மால் தடுக்க முடியவில்லை. இதை அழிக்க வந்தவர்கள் மனிதர்கள். ஆகவே மனிதர்களால் தடுக்க முடிந்தது" என்றார். எங்களுக்கு வெட்கமாயிருந்தது.

தோழியரே! வீட்டில் பாட்டிக்கு முதுமை வந்துவிட்டது என்று யாராவது அவரை வெளியே அனுப்புவார்களா? அடுத்த முறை பெற்றோருடன் கடைவீதிக்குப் போகும்போது, ஒரு நிமிடம் நின்று மேலே பாருங்கள். காக்க வேண்டியது எது என்று கண்டறிந்தால்தானே நாம் அதைக் காக்க முடியும்!

— பத்தாம் வகுப்பு மாணவி