தரங்கம்பாடிச் சபையின் கதை

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆஸ்டின் டவுன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கூட வந்த பேரப்பிள்ளை திடீரென்று, "தாத்தா, லுத்தர் நம்ம ஊர்க்காரரா?" என்று கேட்டான். "இல்லடா, அவர் ஜெர்மன்காரர்" என்றேன். "அப்போ நாம எப்படி லுத்தரன் ஆனோம்?" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கர்நாடகத்தில் பிறந்து கன்னடமும் ஆங்கிலமும் படித்து வளரும் நம் பிள்ளைகள் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும். ஆகவே மலருக்குக் கட்டுரை கேட்டபோது இதையே எழுதலாம் என்று தீர்மானித்தேன்.

தமிழ் லுத்தரன் சபைகளுக்கெல்லாம் தாய்ச்சபை தரங்கம்பாடி. மயிலாடுதுறைக்குக் கிழக்கே, வங்கக் கடலோரத்தில் உள்ள சிற்றூர். 1306-ஆம் ஆண்டு மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் அங்கே கடல் விளிம்பில் நிற்கிறது. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினார்கள். வியாபாரம் செய்ய வந்தவர்கள் தங்கள் வழிபாட்டுக்கென்று 1701-இல் சீயோன் ஆலயத்தையும் கட்டிக்கொண்டார்கள். உள்ளூர் மக்களைப் பற்றிய நினைப்பு அப்போது அவர்களுக்கு இல்லை.

முதல் சபையார் யார்?

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்க், புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். கோட்டை அதிகாரிகள் அவர்களை வேண்டாத விருந்தாளிகளாகவே நடத்தினார்கள். சீகன்பால்க் ஐயர் ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ, ஆ' எழுதிப் பழகினார். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்த அழகப்பன் என்பவர் அவருக்குத் துபாஷியாக இருந்து உதவினார்.

1707 மே 12-ஆம் நாள் முதல் ஞானஸ்நானம் நடந்தது. பெற்றவர்கள் ஐந்து பேர். அவர்கள் பண்ணையாரோ பண்டிதரோ அல்லர். டேனிஷ் வீடுகளில் வேலை செய்த அடிமைகள். நம் சபையின் முதல் பக்கத்தில் இருப்பவர்கள் இவர்களே. தம் உடலுக்கே தாம் சொந்தக்காரராக இல்லாத ஐந்து பேரிலிருந்து இந்தச் சபை தொடங்கியது என்பதை நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஆராதனை தமிழிலும் போர்த்துக்கீசியத்திலும் நடந்தது. போர்த்துக்கீசியம் அக்காலத்தில் கடற்கரைத் துறைமுகங்களின் பொதுமொழி. வெள்ளைக்காரர் வீட்டு வேலையாட்கள் பேசியது அதுதான். ஒரே கூரையின் கீழ் இரண்டு மொழிச் சபை என்பது பெங்களூரில் இருக்கும் நமக்குப் புதிதல்லவே!

அச்சகமும் காகிதப் பட்டறையும்

1708 இறுதியில் கோட்டைத் தலைவரோடு ஏற்பட்ட பிணக்கில் சீகன்பால்க் ஐயர் நான்கு மாதம் சிறையில் கிடந்தார். அதற்குச் சற்று முன் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711-இல் முடித்தார். லண்டனில் இருந்து அச்சு இயந்திரமும், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துக்களும் வந்தன. எழுத்துக்கள் பெரிதாக இருந்ததால் காகிதம் அதிகம் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துக்களை அங்கேயே வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாற்றில் காகிதம் செய்யும் ஆலையும் தொடங்கினார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப் பட்டறை என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. இந்திய மொழி எதிலும் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான்.

முதல் ஆலயத்தைக் கடல் அரித்துக்கொண்டே வந்தது. ஆகவே ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயம் எழும்பி, 1718 அக்டோபர் 11-ஆம் நாள் பிரதிஷ்டையாயிற்று. முகப்பில் மன்னரின் முடியும் பெயரெழுத்தும் இன்றும் காணலாம். ஐந்து மாதத்துக்குள், 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் சீகன்பால்க் காலமானார். அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஆலயத்துக்குள் ஒரு கோடு

இதுவரை சொன்னது மேடைகளில் நாம் கேட்பதுதான். சொல்லாமல் விடுவதையும் சொல்ல வேண்டும். புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவில் கட்டப்பட்டது. சபையார் சாதிவாரியாகத் தனித்தனி இடத்தில் உட்கார அந்த வடிவம் வசதியாகப் போயிற்று. ஐந்து அடிமைகளோடு தொடங்கிய சபை, அவர்களைப் போன்றவர்களைத் தள்ளி உட்கார வைத்தது.

இரண்டு பேரின் கதையை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். கடலூரைச் சேர்ந்த வேளாளர் ஆரோன் 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்று, இந்தியாவின் முதல் சுதேசி புராட்டஸ்டண்ட் போதகர் ஆனார். 1745-இல் இறக்கும்வரை ஊர் ஊராக நடந்து ஊழியம் செய்தார். அதே காலத்தில் தஞ்சை மன்னர் படையில் இருந்தவர் ராஜநாயக்கன். தரங்கம்பாடியில் அச்சான வேத புத்தகத்தைத் தாமே வாசித்து, தேடிவந்து சபையில் சேர்ந்தார். உபதேசியாராகத் தஞ்சைப் பகுதியில் பலரைச் சேர்த்தார். ஆனால் அவர் பறையர் குலத்தவர். அவர் கையால் நற்கருணை வாங்க மற்றவர்கள் ஒப்பமாட்டார்கள் என்று மிஷனெரிகள் தயங்கினார்கள். 1741-இல் அடுத்த குருப்பட்டம் தியோகு என்பவருக்குப் போயிற்று. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

நூறு ஆண்டு கழித்தும் கேள்வி தீரவில்லை. 1833-இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பான உத்தரவு போட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பெரிய சச்சரவு மூண்டது. 1841-இல் கோர்டஸ் ஐயரோடு தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் லுத்தரன் மிஷன், பின்னாளில் லைப்சிக் மிஷன் என்று பெயர் பெற்றது, இந்த விஷயத்தில் மிதமாக இருந்தது. மனத்தாங்கல் கொண்ட ஆங்கிலிக்கன் குடும்பங்கள் பல லுத்தரன் சபைக்கு மாறின. அந்த மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்த பெரிய தமிழறிஞர். தமிழை அவ்வளவு நேசித்தவரும் சாதியைச் சமூக வழக்கமென்று பொறுத்துக்கொண்டார். அதனால் நம் சபை வளர்ந்தது உண்மை. எதைக் கொடுத்து வளர்ந்தது என்பதும் உண்மை.

ஊரை விட்டுப் புறப்பட்டவர்கள்

1845-இல் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றது. துறைமுகம் ஓய்ந்தது. பிழைப்பைத் தேடி மக்கள் சென்னைக்கும், 1809-இல் தண்டு அமைந்த பெங்களூருக்கும், பர்மா, மலாயாவுக்கும் போனார்கள். போன இடங்களில் ஞானப்பாட்டையும் ஜெபப் புத்தகத்தையும் கொண்டுபோய்ச் சபை கூடினார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனெரிகள் வெளியேற்றப்பட, ஸ்வீடன் மிஷன் கைகொடுத்தது. 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. 1921-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஹூமன் முதல் பேராயர். 1956-இல் ராஜா மாணிக்கம் முதல் இந்தியப் பேராயர். தலைமையகம் திருச்சியில் இருந்தாலும் அதன் பெயர் தரங்கைவாசம்தான். ஊர் சிறுத்துப்போனாலும் பேர் சிறுத்துப்போகவில்லை. 2004 சுனாமி அந்தக் கரையில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஆலயம் நிற்கிறது.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிகிறது? ஞானஸ்நானம், மரணம், சண்டை, சமாதானம் எல்லாவற்றையும் அன்றைய ஊழியர்கள் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார்கள். நாமோ, இங்கே வந்த முதல் தலைமுறை யார், எந்த வீட்டில் ஜெபக்கூட்டம் தொடங்கியது என்பதைக்கூட எழுதி வைக்கவில்லை. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவையுங்கள். நல்லதை மட்டுமல்ல, எல்லாவற்றையும். சம்பந்தம் பேசும்போது "உங்களுக்கு எந்த ஊரு?" என்று சுற்றிவளைத்து நாம் எதைக் கேட்கிறோம் என்பது நமக்குத் தெரியும். ஆலயத்துக்குள் போட்ட அந்தக் கோட்டை ஊரிலேயே விட்டுவிட்டு வரவில்லை நாம்.

பேரனிடம் மறுவாரம் சொன்னேன்: "அஞ்சு அடிமைங்க முதல்ல சேர்ந்தாங்கடா. அவங்களுக்குப் பின்னால வந்தவங்க நாம." "அவங்க பேரு என்ன தாத்தா?" என்றான். பேர் எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.